வண்டி இழுக்கும், சரி. தாங்குமா? கனமான டிரெய்லருக்கு எந்த பிக்கப் எடுப்பது

"பிக்கப் டிரக் 11,000 பவுண்டு இழுக்கும், டிரெய்லர் 7,600 தான், இன்னும் 3,400 பவுண்டு மிச்சம் இருக்கே" என்று கணக்குப் போட்டுத்தான் நானும், பயணத்தில் உள்ளேயே தங்கிச் சமைக்கிற வீட்டு வண்டியான என் முதல் டிரெய்லரை வாங்கினேன். விற்றவரும் "இதெல்லாம் இந்த வண்டிக்கு ஒரு சுமையே இல்லை" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை, அதுதான் வேடிக்கை. வண்டி இழுத்தது, மேடு ஏறியது, நெடுஞ்சாலையில் 65 மைல் வேகத்திலும் போனது. என்ன, பின்பக்கம் தரையோடு உட்கார்ந்து, மூக்கு வானத்தைப் பார்த்து, முகப்பு விளக்கு எதிரே வருகிறவன் கண்ணிலேயே அடித்து, ஸ்டியரிங் கையில் பிடிப்பே இல்லாமல் லேசாகிப் போனது, அவ்வளவுதான்.

இழுப்பது வேறு, தாங்குவது வேறு. டிரெய்லருடைய எடையில் பெரும்பகுதி அதன் சொந்தச் சக்கரங்களின் மேல்தான் இருக்கிறது, ஒரு பங்கு மட்டும் கொக்கி வழியாக டிரக்கின் முதுகில் ஏறி உட்காரும். அதற்கு டங் வெயிட் என்று பெயர். மாட்டுவண்டி ஓட்டியவர்கள் எப்போதோ இதற்கு முன்பாரம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நோகும், பின்பாரமானால் நுகத்தடி மேலே தூக்கிக்கொள்ளும். இங்கேயும் அதே கதைதான். முன்பாரம் மொத்த டிரெய்லர் எடையில் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும், அது ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம். அதனால் "சாமானையெல்லாம் பின்னால் தள்ளிவிட்டால் டிரக்குக்குச் சுமை குறையுமே" என்ற யோசனை வந்தால் உடனே கைவிடுங்கள். பந்துக் கொக்கியில் மாட்டுகிற சாதாரண டிரெய்லருக்கு 10 முதல் 15 சதவீதம், டிரக்கின் பின்னால் சரக்கு ஏற்றுகிற தொட்டிக்குள்ளேயே மாட்டுகிற ஃபிஃப்த் வீல் வகைக்கு 15 முதல் 25 சதவீதம். நான் கணக்குப் போடும்போது முதல் வகைக்கு 13, இரண்டாவதற்கு 20 என்று வைத்துக்கொள்வேன்.

இந்த முன்பாரத்தை டிரக் எவ்வளவு தாங்கும் என்பதற்கு விளம்பரத்தைப் பார்க்க வேண்டாம், ஓட்டுநர் பக்கக் கதவைத் திறங்கள். கதவு மூடுகிற தூணில் மஞ்சள் பட்டை போட்ட ஒரு வெள்ளை ஸ்டிக்கர், டயர் அளவும் காற்றழுத்தமும் போட்டது. அதில் ஒரு வரி இருக்கும்: ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது. அதுதான் பேலோட். மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டு வரை உள்ள வண்டிகளுக்கு அமெரிக்காவில் இந்த ஸ்டிக்கர் கட்டாயம். எரிபொருள் தொட்டி நிரம்பியிருப்பதாக வைத்துக்கொண்டுதான் அந்த எண் போடப்படுகிறது, ஆக எரிபொருளைக் கழிக்க வேண்டியதில்லை. ஆனால் ஓட்டுகிற நீங்களும் சரக்குதான், கழியுங்கள்.

அந்த எண் அந்த மாடலுக்கு அல்ல, அந்த ஒரு வண்டிக்கு. ஒரே பெயர், ஒரே என்ஜின், பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற இரண்டு டிரக்குகளின் கதவைத் திறந்து பார்த்தால் 500 பவுண்டு வித்தியாசம் இருக்கும். கண்ணாடிக் கூரை, நான்கு சக்கர இயக்கம், மின்சாரத்தில் நகருகிற தோல் இருக்கை, பெரிய சக்கரம் எல்லாமே எடை, எல்லாமே உங்கள் பேலோடிலிருந்துதான் கழிகிறது. காசு கூடக் கூட சுமக்கும் திறன் குறைகிற ஒரே பொருள் இதுவாகத்தான் இருக்கும்.

அப்படியானால் அந்த 11,000 எங்கிருந்து வந்தது? முன்பெல்லாம் ஆளாளுக்கு ஒரு எண்ணைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 2008-ல் எஸ்ஏஇ என்ற பொறியாளர் சங்கத்தின் ஜே2807 என்று ஒரு பொது அளவுகோல் வந்தது, டொயோட்டா 2011 மாடல் டன்ட்ராவுக்கு முதலில் அதை எடுத்துக்கொண்டது, மற்ற பெரிய கம்பெனிகள் மெதுவாகப் பின்னால் வந்தன. நல்ல சோதனைதான், குறை சொல்லவில்லை. அரிசோனாவில் டேவிஸ் டாம் மேடு என்று 11.4 மைல் ஏற்றம், ஏசியை முழுசாகப் போட்டுக்கொண்டு 40 மைல் வேகத்துக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும். ஆனால் அந்தச் சோதனைக் கணக்கில் டிரக்கில் இருப்பது இரண்டே பேர், ஆளுக்கு 150 பவுண்டு, அதாவது 68 கிலோ. முன்பாரம் 10 சதவீதம். கல்யாணத்துக்கு முன்பு நான் 68 கிலோ இருந்தேன், அப்போது என்னிடம் டிரெய்லர் இல்லை.

சரி, என் வண்டிக் கணக்கையே போடுகிறேன். அரை டன் டிரக் (அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்பதெல்லாம் பிக்கப்பின் அளவு வகைக்கு வழக்கில் உள்ள பெயர்கள், நிஜமாகச் சுமக்கும் எடை அல்ல), ஸ்டிக்கரில் 1,480 பவுண்டு. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து 510. தொட்டியில் ஐஸ் பெட்டி, கருவிப் பெட்டி, மடக்கு நாற்காலி, விறகு என்று 200. தொட்டி மூடி 60. டிரெய்லர் மாட்டுகிற ஹிட்ச் மட்டும் 85, அது இரும்பு, கையில் தூக்கிப் பார்த்தால் தெரியும். ஆக 855 பவுண்டு டிரெய்லரைத் தொடாமலே போய்விட்டது. மிச்சம் 625. டிரெய்லரின் 7,600-ல் 13 சதவீதம் 988. அதாவது 363 பவுண்டு அதிகம். திருப்பிப் போட்டுப் பாருங்கள்: 625 பவுண்டு முன்பாரம் தருகிற டிரெய்லர் ஏறக்குறைய 4,800 பவுண்டுதான். 11,000 இழுக்கும் என்று வாங்கிய வண்டி, குடும்பத்தோடு கிளம்பினால் 4,800-க்கு உரியது.

அந்த 7,600 ஏன், டிரெய்லர் பிரசுரத்தில் 6,000 என்றுதானே போட்டிருக்கிறது என்று கேட்பீர்கள். அது காலி எடை. பாட்டரி, காஸ் சிலிண்டர், தண்ணீர், சட்டி பானை, படுக்கை எதுவும் இல்லாத எடை. தண்ணீர் ஒரு காலனுக்கு 8.34 பவுண்டு, 40 காலன் தொட்டி நிரம்பினால் அதுவே 330-ஐத் தாண்டும், அந்தத் தொட்டி அச்சுக்கு முன்னால் இருந்தால் முன்பாரமும் ஏறும். காஸ் சிலிண்டரும் பாட்டரியும் பெரும்பாலும் டிரெய்லரின் மூக்கில்தான் உட்காருகின்றன, அவ்வளவும் நேராக டிரக்குக்கு. காலி எடையை வைத்து முடிவெடுக்காதீர்கள், டிரெய்லரில் போட்டிருக்கும் அதிகபட்ச எடையை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

இனி எந்த வண்டி என்ற கேள்விக்கு வருவோம்.

அரை டன்னையே வைத்துக்கொள்வது முதல் வழி. இந்த வகையில் பேலோட் சாதாரணமாக 1,300-லிருந்து 2,000 வரை. ஃபோர்டு எஃப்-150-ல் கனமான பேலோட் பேக்கேஜ் என்று ஒன்று உண்டு, அதில் 3,000-ஐத் தாண்டியும் கிடைத்திருக்கிறது, ஆனால் விற்பனைக்கு நிற்கிற வண்டிகளில் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது குதிரைக் கொம்பு. வாரத்தில் ஆறு நாள் வேலைக்கும் கடைக்கும் போகிற வண்டி, வருஷத்துக்கு நாலு தடவை டிரெய்லர் என்றால், என்னைக் கேட்டால் டிரக்கை மாற்றாதீர்கள், டிரெய்லரைச் சின்னதாக எடுங்கள். 5,000 பவுண்டுக்குள் நல்ல டிரெய்லர் இருக்கிறது. யாரும் விரும்பிக் கேட்காத ஆலோசனை இது, ஆனால் செலவு குறைந்தது இதுதான்.

இந்த இடத்தில் யாராவது வந்து "வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் போட்டால் போதும்" என்பார், இன்னொருவர் "பின்னால் ஏர் பேக் வைத்துவிடு" என்பார் (விபத்தில் விரிகிற பையல்ல, பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக வைக்கிற காற்றுப் பை). ஏர் பேக்கை ஒரே வரியில் முடித்துவிடலாம்: உட்கார்ந்த பின்பக்கத்தைத் தூக்கிக் காட்டும், அச்சின் மேலும் டயரின் மேலும் இருக்கிற எடையில் ஒரு பவுண்டு கூடக் குறையாது. ஹிட்ச் விஷயம் அப்படியல்ல, அது நிஜமாகவே வேலை செய்கிறது. இரண்டு கம்பிகளை நெம்புகோல் மாதிரி இழுத்துக் கட்டி, பின் அச்சில் விழுந்த எடையில் ஒரு பகுதியை முன் அச்சுக்கும், கொஞ்சத்தை டிரெய்லர் சக்கரங்களுக்கும் தள்ளுகிறது. பல அரை டன் வண்டிகளில் இது இல்லாமல் 5,000 பவுண்டுக்கு மேல் இழுக்கவே கூடாது என்று ரிசீவரின் (டிரக்கின் பின்னால் ஹிட்ச்சைச் செருகுகிற குழாய்) அடியிலேயே ஒட்டியிருப்பார்கள், குனிந்து பார்த்தால் தெரியும்.

எவ்வளவு தள்ளுகிறது என்று எடைபோட்டே பார்த்தேன். லாரிக்காரர்கள் நிறுத்துகிற டிரக் ஸ்டாப்களில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடை இருக்கும், மூன்று தட்டு: முன் அச்சு ஒன்றில், பின் அச்சு ஒன்றில், டிரெய்லர் ஒன்றில். ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுதான். மூன்று முறை ஏற்றினேன், முதலில் டிரெய்லர் இல்லாமல் குடும்பமும் சாமானும் மட்டும்: முன்னால் 3,360, பின்னால் 3,060, மொத்தம் 6,420. அடுத்து டிரெய்லரை மாட்டி, கம்பிகளைக் கட்டாமல்: முன்னால் 3,040, பின்னால் 4,340, மொத்தம் 7,380. ஆக முன்பாரம் 960. முன் அச்சிலிருந்து 320 பவுண்டு காணாமல் போயிருக்கிறது பாருங்கள், ஸ்டியரிங் ஏன் அப்படி லேசானது என்பதற்கு விடை அந்தச் சீட்டில்தான் இருந்தது. கடைசியாகக் கம்பிகளைக் கட்டி: முன்னால் 3,240, பின்னால் 3,940, மொத்தம் 7,180. அதாவது 200 பவுண்டு டிரெய்லர் சக்கரங்களுக்குப் போய்விட்டது, முன்னால் இழந்ததில் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிட்டது.

நல்லதுதான். ஆனால் வண்டியின் மொத்த எடை வரம்பு 7,050, பின் அச்சின் வரம்பு 3,900. இன்னமும் மொத்தத்தில் 130-ம் பின் அச்சில் 40-ம் அதிகம். விறகை எடுத்துவிட்டு, தண்ணீரை வழியில் பிடித்துக்கொண்டு, எப்படியோ வரம்புக்குள் நுழைத்தேன். ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் ஐஸ் பெட்டியைத் தராசில் வைக்கிற வாழ்க்கை எத்தனை நாளைக்கு நடக்கும்? ஸ்டிக்கரில் உள்ள பேலோடை இந்த ஹிட்ச் கூட்டித் தருவதில்லை, இருக்கிற எடையைப் பகிர்ந்து வைக்கிறது, அவ்வளவே.

இரண்டாவது வழி, பெட்ரோல் என்ஜின் போட்ட முக்கால் டன். என் முடிவு இதுதான் என்பதால் ஒருதலைப்பட்சமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்ததில் ஸ்டிக்கர் 3,100. அதே 855-ஐக் கழித்தால் 2,245 மிச்சம். 988 பவுண்டு முன்பாரம் வந்து உட்கார்ந்தாலும் 1,250-க்கு மேல் இடம் இருக்கிறது, விறகு, சைக்கிள், மாமியார், எது வந்தாலும் சரி. டயர் தடிமனானது, பிரேக் பெரியது, வண்டியின் அடிச்சட்டம் கனமானது. குறை என்னவென்றால் காலியாக ஓட்டும்போது ஒவ்வொரு குழியும் இடுப்பில் கேட்கும். பெட்ரோல் குடிக்கும், மலையேற்றத்தில் என்ஜின் சத்தமாகக் கத்தும், உயரமான இடங்களில் காற்று மெலிந்து மூச்சு வாங்கும். கத்தட்டும், அது உடைகிற சத்தமில்லை. ஃபிஃப்த் வீல் மாட்டுவதானால் ஹிட்ச் 180 ஆகும், தொட்டி மூடி இருக்காது, கணக்கு 890, மிச்சம் 2,210, 20 சதவீதத்தில் ஏறக்குறைய 11,000 பவுண்டு ஃபிஃப்த் வீல் வரை. அதற்கு மேல் இந்த வண்டியும் போதாது.

மூன்றாவது, டீசல் போட்ட முக்கால் டன். நம்மில் நிறையப் பேர் தவறு செய்கிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். "எதற்கு வம்பு, ஒரேயடியாக டீசல் எடுத்துவிடுவோம்" என்று பத்தாயிரம் டாலர் அளவுக்குக் கூடக் கொடுத்து, உள்ளே தோல் இருக்கையும் பெரிய திரையும் உள்ள உயர்ந்த மாடலாகவும் எடுப்பார்கள். டீசல் என்ஜினும் அதற்கான சாமான்களும் பெட்ரோலை விடப் பல நூறு பவுண்டு கனம். ஆனால் முக்கால் டன் வண்டிகள் பலவற்றில் மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டிலேயே நிற்கிறது, ஏனென்றால் 10,001-ஐத் தொட்டால் வேறு வகுப்பு, வணிகத்துக்கு ஓட்டுகிறவர்களுக்கு வேறு விதிகள். வரம்பு அசையாமல் வண்டி மட்டும் கனமானால் எது குறையும்? பேலோட்தான். இந்த வகையில் 2,000 பவுண்டை ஒட்டி ஸ்டிக்கர் இருப்பது சகஜம். 2,150 என்று வைத்துக்கொள்வோம். 890 கழித்தால் 1,260. 20 சதவீதக் கணக்கில் 6,300 பவுண்டு ஃபிஃப்த் வீல். குடும்பத்தோடு போகிற அளவில் அந்த எடைக்கு ஃபிஃப்த் வீல் தேடிப் பாருங்கள், கண்ணில் படுவது அபூர்வம். விளம்பரத்தில் அதே வண்டி 20,000-க்குப் பக்கத்தில் இழுக்கும் என்றிருக்கும், அதுவும் பொய்யில்லை. கிட்டத்தட்ட 1,000 பவுண்டு-அடி முறுக்குவிசை உள்ள என்ஜின் எதையும் இழுக்கும், முதுகுதான் தாங்காது.

அதற்காக டீசல் வேண்டாம் என்று சொல்லவில்லை. 10,000 பவுண்டு வரை பந்துக் கொக்கி டிரெய்லர், மாதத்தில் பாதி நாள் மலைப்பாதை என்றால் அது சுகமான வண்டி. டர்போ இருப்பதால் உயரத்தில் சோர்வதில்லை, புகை வெளியேறும் வழியை அடைத்து வேகத்தைக் குறைக்கிற எக்சாஸ்ட் பிரேக் இருப்பதால் நீண்ட இறக்கத்தில் கால் பிரேக்கை அதிகம் தொடாமலே இறங்கலாம், இழுக்கும்போது மைலேஜும் நன்றாக இருக்கும். எண்ணெய் மாற்று, எரிபொருள் வடிகட்டி, புகையைச் சுத்தம் செய்ய ஊற்றுகிற டெஃப் திரவம் என்று பராமரிப்பு அதிகம். வருஷத்துக்கு நாலு தடவை இழுக்கிறவருக்கு அந்தக் காசு திரும்பி வராது.

நான்காவது, ஒரு டன். முக்கால் டன்னிலிருந்து இதற்குப் போவது பெரிய தாவல் என்று தோன்றும், வெளியே பார்க்க இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அடியில்தான் வித்தியாசம். உதாரணத்துக்கு முக்கால் டன் ராம் 2500-ல் பின்னால் காயில் ஸ்பிரிங், ஒரு டன் ராம் 3500-ல் இலைப்பட்டை ஸ்பிரிங். பின்னால் பக்கத்துக்கு ஒரே சக்கரம் உள்ள ஒரு டன் டீசலில் பேலோட் 3,900 இருந்தால், 890 போக 3,010, ஃபிஃப்த் வீல் 15,000 பவுண்டு வரை சரியாகும். முக்கால் டன் டீசலுக்கும் இதற்கும் விலையில் உள்ள வித்தியாசம் டீசலுக்குக் கொடுத்த கூடுதலோடு ஒப்பிட்டால் சின்னது, தாங்குவதில் ஏறக்குறைய இருமடங்கு. ஆகவே டீசல்தான் வேண்டும், ஃபிஃப்த் வீல்தான் வேண்டும் என்கிற ஆசை இருந்தால் முக்கால் டன்னில் நிற்காதீர்கள், தாண்டிப் போய்விடுங்கள். இதில் ஒரு சங்கதி, 10,000-ஐத் தாண்டிய வண்டிகளுக்கு அந்த மஞ்சள் ஸ்டிக்கர் வரி கட்டாயமில்லை. இல்லையென்றால் எரிபொருள் தொட்டியை நிரப்பி வண்டியை எடைபோட்டு, கதவில் ஜிவிடபிள்யூஆர் என்று போட்டிருக்கிற மொத்த வரம்பிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.

பின்னால் நான்கு சக்கரம் உள்ள டூலி 5,000-க்கு மேலும் சுமக்கும், 16,000, 18,000 பவுண்டு வீட்டையே இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு வேறு வழியே இல்லை, பக்கக் காற்றில் அது நிற்கிற நிலையும் தனி. ஆனால் கடை வாசலில் நிறுத்த முடியாது, கார் வாஷில் நுழையாது, டயர் மாற்றும்போது ஆறு. அதோடே அன்றாடம் வாழ முடியுமா என்று வீட்டில் கேட்டுவிட்டு எடுங்கள்.

இன்னொரு வாதம் அடிக்கடி காதில் விழும்: "மொத்த எடை வரம்பு சும்மா ஒரு காகிதக் கணக்கு, அச்சு வரம்பையும் டயர் வரம்பையும் தாண்டாமல் இருந்தால் போதும்." முன் அச்சு, பின் அச்சு வரம்புகளைக் கூட்டினால் மொத்த வரம்பை விட அதிகம் வரும், அதை வைத்துத்தான் இப்படிச் சொல்கிறார்கள். முதலில் உடைவது அச்சும் டயரும்தான் என்பதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் வண்டியை நிறுத்த வேண்டிய பிரேக்கையும் அடிச்சட்டத்தையும் யோசித்துத்தான் தயாரித்தவர் மொத்த வரம்பைப் போட்டிருக்கிறார், அந்தக் கணக்கைத் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு நாம் திருத்த முடியாது. நான் மூன்றையுமே பார்க்கிறேன், எது முதலில் தீர்கிறதோ அதோடு நிறுத்திக்கொள்கிறேன். அரை டன்னில் அநேகமாக எப்போதும் மொத்த வரம்பு, அதாவது பேலோட்தான் முதலில் தீரும்.

வண்டி பார்க்கப் போகும்போது விலை பேசுவதற்கு முன்னால், ஓட்டிப் பார்ப்பதற்கும் முன்னால், கதவைத் திறந்து அந்த ஸ்டிக்கரைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வண்டியானால் வாங்கிய பிறகு என்னென்ன மாட்டியிருக்கிறார்கள் என்று சுற்றி வந்து பாருங்கள், பக்கப் படிக்கட்டு, தொட்டிக்குள் கருவிப் பெட்டி, முன்னால் இரும்பு பம்பர், இதெல்லாம் ஸ்டிக்கருக்குத் தெரியாது. நான் இப்போதைய வண்டியை எடுத்த அன்று வரிசையில் ஏழு கதவைத் திறந்தேன். விற்பனையாளர் என்னவோ ஏதோ என்று பார்த்துக்கொண்டே நின்றார், ஐந்தாவது கதவுக்குப் பிறகு அவரும் கூட வந்து எண்ணைப் படித்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.